கிளை நூலகக் கட்டடத்தைப் பழுது பார்ப்பதா, இடித்துக் கட்டுவதா? சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

நூலகத்துக்குக் கொஞ்சம் பணம் வந்தால் நம் ஊரில் முதலில் நடப்பது பெயின்ட் வேலை. அப்புறம் தரைக்கு டைல்ஸ், வாசலில் பளபளவென்று ஒரு பெயர்ப் பலகை. அடுத்த ஐப்பசி மழையில் அதே மூலையில் அதே ஒழுகல். புதுப் பெயின்ட் கொப்பளம் கட்டி உரிந்து தொங்கும். பலகை மட்டும் பளபளப்பாகவே இருக்கும்.

இந்த வரிசையைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும். முதலில் தண்ணீர், அடுத்து எடை, அதற்கடுத்து வாசகர், கடைசியில்தான் பெயின்ட். வாசகர் வட்டத்தில் இருப்பவர்கள், வார்டு உறுப்பினர்கள், ஊராட்சித் தலைவர்கள், கட்டட வேலை எதையும் முன்பின் பார்த்திராத நூலகர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பொறியாளர்களுக்குப் பாதி தெரிந்த விஷயமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளட்டும்.

முதலில் கேட்க வேண்டியது: கட்டடம் யாருடையது?

வெளியிலிருந்து பார்க்க எல்லாம் நூலகம்தான். ஆனால் மனு எங்கே போக வேண்டும் என்பது உரிமையாளரைப் பொறுத்தது. பொது நூலகத் துறையின் கீழ் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று அடுக்கு உண்டு. இவற்றை நடத்துவது மாவட்ட நூலக ஆணைக்குழு. நீங்கள் நேரில் பார்க்க வேண்டிய ஆள் மாவட்ட நூலக அலுவலர். அதே சமயம், நூலகம் துறையுடையது என்பதால் கட்டடமும் துறையுடையது என்று ஆகாது. சொந்தக் கட்டடம், வாடகைக் கட்டடம், ஊராட்சியோ கொடையாளரோ வாடகையின்றி விட்ட இலவசக் கட்டடம் என்று மூன்று வகை இருக்கின்றன. இலவசக் கட்டடத்தில்தான் சிக்கல் அதிகம். ஓட்டை யார் மாற்றுவது என்று ஊராட்சியும் துறையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்க, ஓடு தானாக விழுந்துவிடும்.

இதற்கு வெளியே இன்னும் இரண்டு உண்டு. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் ஒரு சிறு நூலகம் கட்டினார்கள். அவை ஊரக வளர்ச்சித் துறையைச் சேர்ந்தவை. அண்மையில் நகரங்களில் வந்திருக்கும் அறிவுசார் மையங்கள் நகராட்சி நிர்வாகத் துறை வழியாகக் கட்டப்பட்டவை. இவற்றுக்காக மாவட்ட நூலக அலுவலரிடம் போய் நின்றால் அவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார், அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை காகித வேலை. கட்டடத்தின் உரிமை ஆவணம், இடத்தின் புல எண் (சர்வே நம்பர்), புலப்படம், வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அந்த இடம் என்ன வகை என்று எழுதியிருக்கிறது, கட்டிய ஆண்டு. கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது: 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். அதே மனுவில் இன்னொரு கேள்வியையும் சேர்த்துவிடுங்கள். நம் உள்ளாட்சி வசூலித்த நூலக வரி எவ்வளவு, அதில் ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு? ஏன் இதைக் கேட்க வேண்டும் என்பது பணம் பற்றிப் பேசும்போது புரியும்.

மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள்

சித்திரை வெயிலில் ஆய்வுக்குப் போனால் எந்தக் கட்டடமும் நன்றாகத்தான் தெரியும். சேலத்தில் கனமழை பெய்த மறுநாள் காலை, நூலகம் திறக்கும் நேரத்துக்குப் போய்விடுங்கள். டார்ச் லைட், சாக்பீஸ், போன் கேமரா போதும். ஓதம் தெரியும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு வாரம் கழித்துக் கோடு எங்கே, ஈரம் எங்கே என்று பாருங்கள். கோட்டைத் தாண்டிப் பரவியிருந்தால் தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மழை இல்லாமலே பரவினால் குழாயிலோ கழிப்பறையிலோ கசிவு இருக்கிறது.

கான்கிரீட் தளமாக இருந்தால் அண்ணாந்து பார்க்கும்போது நேர்கோட்டில் ஓடும் பழுப்புக் கறையைத் தேடுங்கள். விட்டம் போட்டதுபோல் ஒரே சீரான இடைவெளியில் கறை இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால் கம்பி பருத்து, தன்மேல் இருக்கும் கான்கிரீட்டை வெடித்துத் தள்ளும். காரை பெயர்ந்து விழுவது அதனால்தான். பூச்சு மோசம் என்பதால் அல்ல. அதன்மேல் திரும்பப் பூசினால் பூச்சும் சேர்ந்து விழும். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். கழன்றது தொப்பென்று ஒலிக்கும். புடைத்துத் தொங்கும் இடத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு தட்ட வேண்டாம். அந்த இடத்திலிருக்கும் மேசையையும் அன்றைக்கே நகர்த்தச் சொல்லுங்கள், எஸ்டிமேட் வரும்வரை காத்திருக்காமல்.

செவ்வாய்ப்பேட்டை, குகை மாதிரி பழைய பகுதிகளில் இன்னும் சில கட்டடங்கள் மெட்ராஸ் டெரஸ் வகை. மரக் கட்டைகள்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு ஜல்லி போட்ட தளம். அங்கே கறையைவிடக் கட்டையின் முனைதான் முக்கியம். சுவருக்குள் புகும் இடத்தில் ஓர் ஆணியை அழுத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் கட்டை உளுத்துவிட்டது. கட்டைகள் நன்றாக இருந்தால் அந்தத் தளத்தை இடிக்கவே வேண்டாம். வெயில் காலத்தில் கான்கிரீட்டைவிட அதுதான் குளிர்ச்சி.

மொட்டை மாடிக்கு ஏறுங்கள். அங்கே மூன்று விஷயங்கள். தண்ணீர்க் குழாய் வாயில் குப்பை அடைத்திருக்கிறதா? தட்டோடுகளுக்கு இடையே பூச்சு கழன்றிருக்கிறதா? கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா? மூன்றாவதை ஆட்கள் கண்டுகொள்வதே இல்லை. கன்றை மேலே ஒடித்துவிட்டால் வேர் உள்ளே தடித்துக்கொண்டே போகும். வேரோடு எடுத்து, வெடிப்பை அடைக்க வேண்டும். அரசமரம் என்பதால் வெட்டக் கொத்தனார் தயங்கினால் சிறிதாக இருக்கும்போதே பிடுங்கி வேறெங்காவது நட்டுவிடுங்கள், பாவமும் இல்லை பழியும் இல்லை.

சுவரின் அடிப்பாகத்தில் மூன்றடி உயரம்வரை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. இதற்கு நம் ஊரில் செய்யும் உடனடி வைத்தியம் சிமென்ட் பூச்சு அல்லது டைல்ஸ் ஒட்டுவது. ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் இரண்டடி மேலே ஏறும், அவ்வளவுதான் பலன். சுண்ணாம்பிலோ மண்ணிலோ கட்டிய பழைய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் சரி, அது சுவரை மூச்சுவிட விடும். அதற்கும் முன்னால், வெளியே தெரு உயர்ந்து உயர்ந்து நூலகத்தின் தரை பள்ளமாகிவிட்டதா என்று பாருங்கள். தார் மேல் தார் போட்ட தெருக்களில் பெரும்பாலும் நோயின் வேர் அதுதான். சுவரைச் சுற்றி வடிகால் வெட்டாமல் உள்ளே செய்யும் எந்த வேலையும் வீண்.

புத்தகத்தின் எடை: யாரும் கணக்குப் போடாத கணக்கு

இரு பக்கமும் புத்தகம் வைக்கும் ஓர் இரும்பு அலமாரி, ஒரு மீட்டர் நீளம், ஆறு அடுக்கு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12 மீட்டர் நீளத்துக்குப் புத்தகம். மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிலோ என்றால் 360 கிலோ. இந்த எடை நிற்பது அரைச் சதுர மீட்டர் தரையில். பைண்ட் செய்த வார இதழ்த் தொகுப்புகள் என்றால் இன்னும் கூடும்.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875இன்படி வீட்டுத் தளத்தை வடிவமைக்கும்போது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ சுமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். நூலகத்தில் புத்தக அடுக்கு அறைக்கு அது 600 கிலோ, அதுவும் 2.2 மீட்டர் உயரம்வரை. அதற்கு மேல் உயர்த்தினால் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். மூன்று மடங்கு வித்தியாசம். வாடகைக்கு எடுத்த வீட்டின் மாடியில் கிளை நூலகம் நடப்பது நம் பக்கத்தில் சாதாரணம். "ஏங்க, இது வீட்டுக்குப் போட்ட தளமுங்க, பீரோவைப் பாத்து வைங்க" என்று வீட்டுக்காரர் சொன்னால் அவர் நச்சரிக்கவில்லை, பொறியியல் பேசுகிறார்.

அப்படிப்பட்ட இடத்தில் உடனே செய்யக்கூடியவை: அலமாரிகளை அறை நடுவிலிருந்து எடுத்துச் சுவரோரமாக, உத்திரம் போகும் கோட்டில் வையுங்கள், கனமான தொகுப்புகளைத் தரைத்தளத்துக்கு இறக்குங்கள், மாடியில் வாசிப்பு மேசைகளை மட்டும் வையுங்கள். இடம் மாற்றும்போது தரைத்தளம் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். மாடிப்படி ஏற முடியாத முதியவர்களுக்கும் அதுவே நல்லது.

இடிப்பதா, பழுது பார்ப்பதா?

இங்கேதான் அரசியல் நுழையும். பழுது பார்த்த கூரைக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. புதுக் கட்டடத்துக்கு வைப்பார்கள். அதனால் பழுது பார்த்தாலே போதும் என்ற கட்டடமும் இடிபடும், இடிக்க வேண்டிய கட்டடம் பணம் இல்லை என்று நின்றுகொண்டே இருக்கும். முடிவைக் கண் பார்வைக்கு விடாமல் சோதனைக்கு விட்டால் இந்தச் சண்டை பாதி தீரும்.

கேட்க வேண்டிய சோதனைகள் நான்கு. கான்கிரீட்டின் மேற்பரப்பு உறுதியைப் பார்க்கும் ரீபவுண்ட் ஹாமர், உள்ளே வெடிப்பும் வெற்றிடமும் இருக்கிறதா என்று ஒலி அலை செலுத்திப் பார்க்கும் சோதனை, கம்பி துருப்பிடிக்கும் வாய்ப்பை அளக்கும் ஹாஃப் செல் சோதனை, சந்தேகம் இருந்தால் உருளையாக வெட்டி எடுத்து நசுக்கிப் பார்க்கும் கோர் சோதனை. ரீபவுண்ட் ஹாமர் ஒன்றை மட்டும் வைத்து முடிவு எடுக்கக் கூடாது. அது தோலைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் சொல்வது. பொறியியல் கல்லூரிகளின் கட்டடவியல் துறைகள் இத்தகைய சோதனைகளைக் கட்டணத்துக்குச் செய்து தருவதுண்டு. சேலத்தில் கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரி 1966இலிருந்து இருக்கிறது. அங்கே முதலில் விசாரிக்கலாம். அரசுக் கட்டடம் என்றால் இடிக்கத் தகுந்தது என்ற சான்றைப் பொதுப்பணித் துறைப் பொறியாளர்தான் தர வேண்டும். கல்லூரி அறிக்கை கையில் இருந்தால் அவருக்கும் எழுதுவது எளிது.

என் அளவுகோல் இது. கெட்டது கூரை மட்டும், சுவரும் அடித்தளமும் நலம் என்றால் பழுது பாருங்கள். தூண்களிலும் உத்திரங்களிலும் கம்பி வெளியே தெரிந்தால், அடித்தளம் இறங்கிச் சுவரில் மாடிப்படி மாதிரி ஏறுமுகமாக வெடிப்பு ஓடினால், இடிப்பைப் பற்றிப் பேசுங்கள். பழுதுச் செலவு புதுக் கட்டடச் செலவில் பாதியைத் தாண்டினாலும் பேசலாம். ஆனால் கருங்கல் சுவரும் மங்களூர் ஓடும் உள்ள கட்டடம் எவ்வளவு அழுக்காக இருந்தாலும் இடிக்கக் கையெழுத்துப் போட வேண்டாம். ஓடுகளை மாற்றி, அவற்றைத் தாங்கும் மரச் சட்டமான ரீப்பரை மாற்றினால் அது இன்னொரு தலைமுறைக்கு நிற்கும். அப்படி ஒரு சுவரை இன்றைய எஸ்டிமேட்டில் யாரும் கட்டித் தர மாட்டார்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை தனி வகை. அதை உடைக்கும்போதும் அறுக்கும்போதும் வரும் தூசு நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தெளித்து, ஆணியைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்க வேண்டும். புத்தகமும் ஆட்களும் உள்ளே இருக்கும்போது அந்த வேலை நடக்கக் கூடாது.

பணம்: கேட்கும் இடங்களும் கேட்கும் விதமும்

1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் வந்தது முதலில் இங்கேதான். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். அரங்கநாதனின் விடாமுயற்சியும், அன்றைய கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியாரின் ஆதரவும் அதற்குப் பின்னால் இருந்தன. அந்தச் சட்டம் தந்த நூலக வரி இன்றும் நம் சொத்து வரியோடு சேர்ந்தே வசூலாகிறது, சொத்து வரியில் 10 சதவீதம். வீட்டு வரி 500 என்றால் நூலக வரி 50. ரசீதை எடுத்துப் பாருங்கள்; இத்தனை வருடம் கட்டியிருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள்.

உள்ளாட்சி வசூலிக்கிறது, ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். செலுத்தாமல் பாக்கி வைக்கும்போது நூலகத்தின் கூரை ஒழுகுகிறது. தகவல் உரிமை மனுவில் அந்தக் கேள்வியைச் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான். "நிதி ஒதுக்கித் தாருங்கள்" என்று கெஞ்சும் மனுவுக்கும், "எங்கள் பகுதி நூலக வரிப் பாக்கி இவ்வளவு, எங்கள் கூரைக்கு வேண்டியது இவ்வளவு" என்று எழுதும் மனுவுக்கும் கிடைக்கும் மரியாதையே வேறு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் இரண்டாவது மனுவைக் கொடுங்கள்.

வேறு வழிகளும் உண்டு. சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதிகள் கட்டடத்துக்கு ஏற்றவை. ஆனால் கேட்கும்போது இடம் தகராறில்லாமல் இருக்க வேண்டும், எஸ்டிமேட் கையில் இருக்க வேண்டும். நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். கொலுசுப் பட்டறை, ஜவ்வரிசி ஆலை, ஜவுளி என்று வியாபாரம் நடக்கும் ஊரில் அந்தப் பங்கைத் திரட்டுவது முடியாத காரியம் இல்லை. கொல்கத்தாவில் 1972இல் தொடங்கிய ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையும் உதவி தரும். ஆனால் அது மாநிலத் துறை வழியாகவே வரும், நேரே எழுதிப் பயனில்லை. ஆயிரம் ரூபாய் கொடுத்து நூலகப் புரவலர் ஆகும் ஏற்பாடு கட்டடத்துக்குப் போதாது. ஆனால் நூறு புரவலர் உள்ள நூலகத்தை மூடுவதற்கு யாருக்கும் துணிச்சல் வராது, அந்த வகையில் அது லாபம்.

கிராமமாக இருந்தால் கிராம சபைத் தீர்மானம் கட்டாயம் வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தீர்மானத்தில் "நூலகத்தை மேம்படுத்த வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல் புல எண், பரப்பு, வேலையின் பெயர், மதிப்பீடு நான்கையும் எழுதச் சொல்லுங்கள்.

ஏற்காடு: தனிக் கணக்கு

கீழே சேலத்தில் எதிரி வெயில் என்றால் மேலே ஏற்காட்டில் எதிரி பனிமூட்டம். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் எட்டும் மலை. ஜன்னலைத் திறந்தால் மூட்டம் நேராக உள்ளே வந்து புத்தகத்தின்மேல் உட்காரும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை பிடிக்கும். அட்டை மடிப்புப் பக்கம் சாம்பல் நிறத்தில் மாவு தூவியதுபோல் இருக்கும். விரலால் துடைத்தால் போனதுபோல் தெரியும், பத்து நாளில் திரும்பி வரும். நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பத மானி ஒன்றைச் சுவரில் மாட்டி, தினம் காலை மாலை எழுதி வையுங்கள். அந்த நோட்டுதான் பிறகு எஸ்டிமேட்டுக்கு ஆதாரம்.

மேலே கட்டுவதானால் தட்டைக் கான்கிரீட் தளம் வேண்டாம். சரிவுக் கூரை, நீண்ட தாழ்வாரம். மேட்டுப் பக்கச் சுவருக்கும் மண் சரிவுக்கும் இடையே ஆள் நடக்கும் அளவு இடைவெளி, அதில் வடிகால். மண்ணை ஒட்டியே சுவர் எழுப்பினால் அந்தச் சுவர் ஆயுள் முழுக்க நனைந்தே கிடக்கும். அலமாரிகளை வெளிச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளி வையுங்கள். அடி அடுக்கு தரையிலிருந்து அரையடியாவது உயர்ந்திருக்கட்டும்.

இங்கே புதுக் கட்டடம் என்றால் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி ஞாபகம் இருக்கட்டும். அலுவலகங்களில் 'ஹாக்கா' என்றால்தான் சட்டென்று புரியும். அரசுக் கட்டடம்தானே என்று தொடங்கிவிட்டு நடுவில் நிற்கும் வேலைகளைப் பார்த்து நொந்தவர்கள் பலர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் மணல், சிமென்ட், ஜல்லிக்கு லாரி வாடகை தனி. கீழ்நாட்டு விலைப்பட்டியலை அப்படியே போட்ட எஸ்டிமேட்டுக்கு எந்தக் கான்ட்ராக்டரும் டெண்டர் போட மாட்டார். வேலைக் காலம் ஜனவரி முதல் மே வரை. அதிலும் மே மாதம் கோடை விழாக் கூட்டம் வந்துவிட்டால் லாரி ஏறுவதே பாடு. கனமான பொருள்களைச் சித்திரைக்கு முன்னாலேயே மேலே ஏற்றிவிட வேண்டும்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை என்று மலைக் கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஏற்காடு டவுனில் ஒரே பெரிய கட்டடம் கட்டினால் அந்தக் கிராமத்துப் பிள்ளை பஸ் பிடித்து வந்து வாசிக்குமா? அந்தப் பணத்தில் பாதிக்குக் கட்டடம், மீதிக்கு நடமாடும் நூலக வண்டி என்று கேட்பது நியாயமான கோரிக்கை. எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் திரும்பும் நேரத்துக்கு வண்டி வர வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வாசகரைக் கேட்காமல் வரைபடம் போடாதீர்கள்

இன்று சேலத்தின் கிளை நூலகங்களில் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்திருப்பவர்கள் யார்? டி.என்.பி.எஸ்.சி., காவலர் தேர்வு, வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். வீட்டில் இடமில்லாத, கோச்சிங் சென்டருக்குக் கட்ட முடியாத பிள்ளைகள். செய்தித்தாள் வாசிக்க வரும் பெரியவர்களுக்குக் காலை ஒரு மணி நேரம் போதும். தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு எட்டு மணி நேரம் வேண்டும். எட்டு மணி நேரம் என்றால் கழிப்பறை, குடிநீர், சாப்பாட்டு டப்பாவைத் திறக்க ஓர் இடம், செல்போன் சார்ஜ் போட ப்ளக். பெண்களுக்கான கழிப்பறை இல்லாத நூலகத்தில் பெண் வாசகர் குறைவு என்று ஆச்சரியப்படுவதில் அர்த்தமில்லை.

ஒரு வாரம், மணிக்கு ஒரு தடவை, எத்தனை பேர் எந்த மேசையில் இருக்கிறார்கள் என்று எண்ணி எழுதுங்கள். இது நூலகருக்கு வேண்டாத சுமை. வாசகர் வட்டத்து இளைஞர்கள் செய்யட்டும். அந்தத் தாளை வைத்து வரைபடம் போடும் பொறியாளரிடம் பேசுங்கள். சத்தம் உள்ள குழந்தைகள் பகுதியும் சத்தம் ஆகாத தேர்வுப் பகுதியும் எதிரெதிர் மூலையில். நூலகர் மேசை வாசலையும் இரண்டையும் பார்க்கும் இடத்தில். ஒற்றை ஆள் நடத்தும் நூலகத்தில் இது தவறினால் ஒரு பகுதியைப் பூட்டியே வைப்பார்கள். சாய்தளம் 1:12 சரிவுக்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது, அதாவது ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். சக்கர நாற்காலி நுழைய வாசல் 90 சென்டிமீட்டர். வாசிப்பு மேசையில் 300 லக்ஸ் வெளிச்சமாவது வேண்டும். விளக்குகளை அலமாரிகளுக்கு நடுவே, சந்தின் போக்கிலேயே மாட்டச் சொல்லுங்கள். குறுக்கே மாட்டினால் அடி அடுக்கு இருட்டிலேயே கிடக்கும்.

சேலத்து வெயிலுக்கு மேற்குச் சுவரில் பெரிய ஜன்னல் வேண்டாம். தளத்தின்மேல் வெள்ளைக் குளிர் பூச்சோ வெள்ளை ஓடோ போடுவதற்கான செலவு ஏ.சி. வாங்கும் செலவில் சிறு பங்கு. கரண்ட் பில்லும் இல்லை.

புத்தகங்களை நகர்த்துவதற்கு முன்

கான்ட்ராக்டர் வந்து நின்ற பிறகு அவசரத்தில் சாக்கில் அள்ளிப் போட்டால், திரும்பி வரும்போது பாதிப் புத்தகம் எங்கே என்று தெரியாது. முதலில் இருப்புச் சரிபார்ப்பு. சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள எண்ணும் அலமாரியில் உள்ள புத்தகமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதோடு கழிக்க வேண்டியவற்றைப் பிரியுங்கள்: பூஞ்சை தின்றவை, பழைய பாடத்திட்டத்துத் தேர்வு வழிகாட்டிகள், பக்கம் போனவை. கழிப்பதற்குத் துறை நடைமுறை இருக்கிறது. நூலகர் தன் விருப்பத்துக்குப் பழைய பேப்பர்க் கடைக்குப் போட்டால் பிறகு தணிக்கையில் அவர் சம்பளத்தில் கை வைப்பார்கள். உள்ளூர் எழுத்தாளர்களின் நூல்கள், பழைய சேலம் பற்றிய சிறு வெளியீடுகள், ஊர்க் கோயில் மலர்கள் கிழிந்திருந்தாலும் கழிக்கக் கூடாது. அவை வேறெங்கும் கிடைக்காது.

கரையான் பிடித்த பெட்டியைப் புதுக் கட்டடத்துக்குக் கொண்டு போகாதீர்கள். பழைய கட்டடத்தையே தக்கவைப்பதானால், தரையும் சுவரும் சேரும் இடத்தில் துளையிட்டு மருந்து செலுத்தும் வேலையை உரிமம் உள்ள ஆட்களிடம் கொடுங்கள். புத்தகத்தின்மேல் நேரடியாக எந்த மருந்தும் அடிக்கக் கூடாது. அலமாரி முழுக்க அந்துருண்டை போட்டு வைப்பதும் வேண்டாம்; அந்த வாசத்தில் வாசகருக்குத் தலைவலி.

சின்ன அட்டைப் பெட்டிகள், பெட்டிக்கு ஒரு எண், எந்த அலமாரி எந்த அடுக்கு என்று வெளியே எழுத்து. மளிகைக் கடையில் கிடைக்கும் பிஸ்கட் பெட்டி அளவு சரியாக இருக்கும். அதைவிடப் பெரிய பெட்டியைத் தூக்கினால் இடுப்புப் பிடிக்கும். நனைந்த புத்தகம் இருந்தால் 48 மணி நேரத்துக்குள் காய வைக்க வேண்டும்: நிறுத்தி விரித்து, பக்கங்களுக்கு நடுவே பழைய செய்தித்தாள், மேலே மின்விசிறி. வெயிலில் போட்டால் அட்டை வளைந்துவிடும்.

வேலை நடக்கும்போது நூலகம் எங்கே?

எல்லாவற்றிலும் நான் பிடிவாதமாக இருப்பது இந்த ஒன்றில். "ஆறு மாசம்தானே, மூடி வைப்போம்" என்பார்கள். ஆறு மாதம் இரண்டு வருடம் ஆகும். அதற்குள் தேர்வுப் பிள்ளைகள் வேறு இடம் தேடிப் போய்விடுவார்கள், பெரியவர்கள் டீக்கடையில் பேப்பர் பார்த்துப் பழகிவிடுவார்கள். திறக்கும்போது கட்டடம் மட்டும் இருக்கும். அதனால் மாற்று இடம் உறுதியான பிறகுதான் பழைய பூட்டைப் போட வேண்டும். சமுதாயக் கூடம், பள்ளியின் காலி வகுப்பறை, கூட்டுறவுச் சங்கத்தின் முன்னறை எதுவானாலும் சரி. மொத்தப் புத்தகமும் வேண்டாம். செய்தித்தாள், தேர்வு நூல்கள், குழந்தைகள் நூல்கள், இருபது நாற்காலி போதும்.

கான்ட்ராக்டர் வந்த பிறகு கவனிக்க வேண்டியவை

நீங்கள் மேற்பார்வைப் பொறியாளர் அல்ல. வேலையாளிடம் நேராக உத்தரவு போடாதீர்கள், சண்டைதான் மிஞ்சும். பார்த்து, படம் எடுத்து, பொறியாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். எதைப் பார்ப்பது? கலவைக்கு எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். சேலத்தில் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். தளம் போட்ட பிறகு தண்ணீர் கட்டுவது சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், பி.பி.சி. போன்ற கலப்புச் சிமென்ட்டுக்கு 10 நாள். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. மூன்றாம் நாளே பாத்தி காய்ந்து கிடந்தால் அன்றே எழுதுங்கள். மொட்டை மாடித் தட்டோடு போட்டு முடித்ததும் குழாய் வாயை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகுதான் உள்ளே பூச்சு வேலை தொடங்க வேண்டும். அவசரத்தில் இதைத்தான் விட்டுவிடுவார்கள்.

பழைய வயரிங்கை அப்படியே புதுச் சுவருக்குள் புதைக்க விடாதீர்கள். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம். மழைநீர் சேகரிப்பு 2003இலிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம், அரசுக் கட்டடத்துக்கும்தான்.

பெயின்ட் கடைசி. சுவர் காய்ந்திருக்கிறதா என்று பார்க்கப் பிளாஸ்டிக் தாள் ஒன்றை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் நீர் முத்து கோத்தால் இன்னும் பொறுக்க வேண்டும். திறப்பு விழா தேதி குறித்துவிட்டார்கள் என்பதற்காகச் சுவர் காயாது.

ஒப்படைப்பும் அதன் பிறகும்

சாவி வாங்கும் நாளில் நான்கு காகிதங்களையும் சேர்த்து வாங்குங்கள்: கட்டியபடியான வரைபடம், வயரிங் படம், தண்ணீர்க் குழாய்ப் படம், ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எவ்வளவு என்று காட்டும் பக்கம். அந்தக் காலம் முடியும் தேதியை நூலகத்துச் சுவர்க் காலண்டரில் எழுதி வையுங்கள். அதற்குள் ஒழுகினால் சரி செய்வது கான்ட்ராக்டர் செலவு. அடுத்த நாள் ஒழுகினால் மறுபடி மனு, மறுபடி எஸ்டிமேட். எனவே அந்தத் தேதிக்கு முந்தைய ஐப்பசியில், மழை பெய்த மறுநாள் காலை, டார்ச்சும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வந்து, கண்டதைப் படத்தோடு எழுதி, பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.